பழைய புகைபோக்கியும் புதுச் சிமெண்டும்

அமெரிக்காவின் பாஸ்டன் போன்ற குளிர்நகரங்களில் நூறாண்டு கடந்த செங்கல் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன. கூரைக்கு மேலே நான்கு பக்கமும் மழையிலும் பனியிலும் நனைவதால், வீட்டில் முதலில் சாந்து உதிர்வது பெரும்பாலும் அங்கேதான். கெட்டியான சிமெண்ட் கலவையை அப்பிவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். வினையே அதில்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். செங்கல் அசைந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கெட்டிச் சிமெண்ட் இரண்டுக்கும் இடம் தராது. வழியில்லாத ஈரம் செங்கலுக்குள்ளேயே உறைந்து, அதன் முகத்தைத் தோல் தோலாக உரித்துவிடுகிறது. உதிர்ந்த சாந்தை மாற்றலாம். முகம் போன செங்கலை என்ன செய்வது?

சுண்ணாம்பு சீக்கிரம் தேயுமே என்பார்கள். தேயட்டும், செங்கலுக்குப் பதிலாகத் தேயத்தானே அது இருக்கிறது! உச்சிப்பகுதி கடும் குளிரைத் தாங்க வேண்டியதால் சிறிது சிமெண்ட் சேர்ப்பதுண்டு. அதுவும் சாந்து செங்கலைவிட மிருதுவாக இருக்கும் அளவுக்குத்தான். மேலாகப் பூசினால் கழன்றுவிடும். செங்கல்களுக்கு இடையிலுள்ள இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டி, செங்கலை நனைத்து, புதுச்சாந்தை அடுக்கடுக்காகத் திணிக்க வேண்டும். உச்சிமூடியில் விரிசல் இருந்தால் அதையும் சேர்த்தே அடைக்க வேண்டும். எல்லாவற்றையும் உறைபனிக்கு வெகு முன்பே முடித்து, ஈரச்சாக்கு போர்த்திச் சில நாள் மெல்ல இறுக விடுவார்கள்.