ஆய்வு வேதாகமத்தைத் தெரிவு செய்தல்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



காலைப் பிரார்த்தனையில் வேதத்தை வாசித்து வளர்ந்தவர்கள் நாம். இன்று நம்மில் பலர், வசனத்தோடு விளக்கக் குறிப்புகளும் சேர்ந்த ஆய்வு வேதாகமம் ஒன்றை வாங்க விரும்புகிறோம். வாங்குமுன் மூன்று இடங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலாவது, முன்னுரை. குறிப்புகளை எழுதியவர் யார், எந்தச் சபை மரபினர் என்று அறிந்துகொள்வோம். 1909 இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் வேதாகமத்தில், தேவன் மனிதரை ஏழு காலங்களாக நடத்துகிறார் என்ற அவருடைய கருத்து வசனத்தின் கீழேயே அச்சாகியது. பக்கம் ஒன்றாக இருந்ததால் வாசகர் பலர் அதையும் வசனம் போலவே எடுத்துக்கொண்டனர். மேலே இருப்பது வேதம். கீழே இருப்பது மனிதரின் விளக்கம்.

இரண்டாவது, லேவியராகமம் 13 ஆம் அதிகாரம். வைத்தியர்களாகிய நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே ‘குஷ்டரோகம்’ என்றிருக்கிறது. எபிரேய மூலச்சொல்லோ பலவகைத் தோல் நோய்களையும், ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூஞ்சணம் போன்றவற்றையும் குறிக்கும். 1873 இல் ஹன்சன் கண்டறிந்த கிருமியால் வரும் தொழுநோயும் அதுவும் ஒன்றல்ல. தொழுநோய் இன்று 6 அல்லது 12 மாத மருந்தினால் குணமாகும். ஆனாலும் உணர்ச்சியற்ற தேமலோடு வருகிறவர்கள், “நான் என்ன பாவம் செய்தேன்?” என்று கேட்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம். வெட்கப்பட்டு மறைத்தால் நரம்பு பாதிக்கப்பட்டு, கை கால் ஊனமாகிவிடும். குறிப்பு இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால், வாசிப்பவர் நோயாளியை விலக்கிவைக்கவே கற்றுக்கொள்வார். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது இயேசு கொடுத்த பதில் யோவான் 9 இல் உண்டு. அங்குள்ள குறிப்பையும் சேர்த்து வாசிப்போம்.

மூன்றாவது, ரோமர் 16:7. என்.ஐ.வி. ஆங்கில வேதாகமத்தின் 1984 பதிப்பில் ‘யூனியாஸ்’ என்ற ஆணாக இருந்தவர், 2011 பதிப்பில் ‘யூனியா’ என்ற பெண்ணாக இருக்கிறார். இந்த மாற்றத்துக்கான காரணத்தைக் குறிப்பு சொல்கிறதா? பெண்பிள்ளைகளுக்கென்று எழுந்த பாடசாலையில் படித்த நாம் இதைக் கேட்காமல் விடலாகாது.

எந்த ஒரு பதிப்பும் முழுமையானதல்ல. ஆகவே வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்த இரண்டையாவது நமது பாடசாலை நூலகத்துக்கு வாங்கிக் கொடுப்போம். ஒத்துப் பார்த்து வாசிக்க நமது பிள்ளைகள் பழகட்டும்.

தேவன் நமது பாடசாலையை ஆசீர்வதிப்பாராக.