ஆமணக்கு இலை தின்னும் பட்டுப்புழு

(எளாவூரில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகளிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பட்டு என்றதும் மல்பெரித் தோட்டமும் ஓசூர்ப் பக்கத்துப் பட்டுக்கூடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் பட்டு நூற்கும் புழுக்கள் யாவும் ஓரினம் அல்ல. மல்பெரிப் புழு 'பாம்பிசிடே' குடும்பத்தைச் சேர்ந்தது. டசார், மூகா, எரி ஆகியவை 'சாட்டர்னிடே' குடும்பத்தவை. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியில் வேலமர இனங்களில் கூடு கட்டும் கோனோமீட்டா என்னும் அந்துப்பூச்சியோ வேறொரு குடும்பம். அதன் கூடு மிகக் கடினமானது. நெற்றுடன் சேர்த்து அதை விழுங்கிய மாடுகள் செரிக்காமல் இரைப்பை அடைபட்டு மாண்டதுண்டு!

நமக்கு உகந்தது எரி. அஸ்ஸாமியர் ஆமணக்கை 'எரா' என்பர். புழுவின் பெயர் அதனின்றே வந்தது. வரப்பில் தானே முளைத்து நிற்கும் ஆமணக்கை நாம் பொருட்படுத்துவதில்லை. அதன் இலைதான் இப்புழுவுக்கு விருந்து. மரவள்ளி இலையையும் தின்னும்.

தாய்ப்பூச்சி சில நூறு முட்டைகள் இடும். ஏறத்தாழப் பத்து நாளில் புழு வெளிவரும். மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை தோலுரிக்கும். அவ்வேளையில் தின்னாமல் அசைவற்றுக் கிடக்கும். நோயென்று எண்ணி எறிந்துவிடக் கூடாது. நான்காம் தோலுரிப்புக்குப் பின் வரும் பசிக்குத்தான் இலை போதாமற் போகும். பிறகு கூடு கட்டி, அதனுள் கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரங்களில் பூச்சியாகிறது. பூச்சிக்கு உண்ணும் வாயில்லை. முட்டையிட்டுச் சில நாளில் மடிகிறது.

எரிக்கூட்டின் ஒரு முனை திறந்தே இருப்பதால், பூச்சி தானாக வெளியேறிய பின்னரும் கூடு பயன்படும். உயிரோடு வேகவைக்க வேண்டியதில்லை. ஆனால் மல்பெரிக் கூட்டைப் போல ஒரே இழையாக உருவ முடியாது. பஞ்சைப் போல நூற்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆமணக்கு விதைக்காகப் பயிரிடுவோர் நாலில் ஒரு பங்கு இலைக்கு மேல் பறித்தால் விதை மகசூல் குறையும். காவட்டைப்புழுவுக்கு மருந்தடித்த செடியின் இலை பட்டுப்புழுவையும் கொல்லும். மருந்து அடுத்த வயலிலிருந்து காற்றில் வந்ததானாலும் அதே கதிதான். நெடுஞ்சாலையோரத்துப் புழுதி படிந்த இலையையும் தவிர்க்கவும். தட்டுகளின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது.

கூட்டை வாங்குவோர் யார் என்பதைப் பட்டு வளர்ச்சித் துறையில் கேட்டறிந்த பின்னரே முட்டை வாங்குங்கள். வாங்குவோர் இல்லையெனில், நம் பேச்சைக் கேட்டதற்காக நீங்கள் நஷ்டப்பட வேண்டாம்.