பள்ளி வாயிலும் கல்லூரி வாயிலும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாம் பெரும்பாலும் கூடுகிறோம். இன்று வேறொன்றைப் பற்றிச் சிந்திப்போம். நாற்றங்காலில் செழித்த நாற்றை உரிய நாளில் பறித்து நடாவிட்டால் அது முற்றிப் பயனற்றுப் போகும் என்பதை உழவருக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்கும் அத்தகைய பருவம் ஒன்று உண்டு. தேர்வு முடிவு வரும் நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே அப்பருவம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் படிப்பை இழப்பது அந்த வாரங்களில்தான்.

1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நாளில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. அரசு ஒரு பங்கு செய்ய, ஊரார் கட்டடமும் பலகையும் சீருடையும் அளித்து மறு பங்கு செய்தனர். பள்ளி வாயிலுக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தமைக்கு அக்கூட்டு முயற்சி பெருங்காரணம். கல்லூரி வாயில் வரை அவர்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு இன்று நம்முடையது.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவனை இழந்த தாய், அல்லது கணவன் கைவிட்டுப் போன தாய், களை பறித்தும் ஊரக வேலைத் திட்டப் பணிக்குச் சென்றும் பிள்ளைகளை வளர்க்கிறாள். மூத்த மகள் நல்ல மதிப்பெண் பெறுகிறாள். விண்ணப்பம் எழுதித்தர வீட்டில் ஆள் இல்லை. சான்றிதழுக்காகத் தாய் நான்கு நாள் அலைந்தால் நான்கு நாள் கூலி போகும். “வரன் வந்திருக்கிறது, முடித்துவிடு” என்று உறவினர் சொல்வர். மகனாயின் திருப்பூருக்கு அனுப்பச் சொல்வர். தந்தையும் உள்ள வீட்டில் ஒருவர் அலைய, மற்றவர் உழைக்கலாம். தனித்த தாய்க்கு அந்த வசதி இல்லை.

இத்தகைய பிள்ளைகளுக்கென ஏற்பட்ட உதவிகள் பல. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பெற்றது. அதுவே புதுமைப் பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் பெற இது வழி செய்தது. மூன்றாண்டுக்குக் கணக்கிட்டால் 36,000 ரூபாய்! மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வருபவருக்குக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும்போது கட்டணச் சலுகை 2010-11 முதல் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றில் 2021-லும் சட்டமாயிற்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் உரிய வரம்புக்கு மிகாதிருப்பின் கல்வி உதவித்தொகை உண்டு. அரசு விடுதிகளும் உள்ளன. 4 லட்சம் ரூபாய் வரையான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கலாகாது என்பதையும் அறிந்து வைப்போம்.

உதவி இவ்வளவு இருந்தும் பிள்ளை வீட்டில் நிற்பதேன்? நான்கு தடைகளைக் காண்கிறோம்.

முதலாவது, சான்றிதழ். வருமானம், சாதி, முதற் பட்டதாரி ஆகிய சான்றுகளை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறவேண்டும். ஆதரவற்ற விதவை, கணவனால் கைவிடப்பட்டவர் என்பதற்கும் தனிச் சான்றுகள் உண்டு. கைவிடப்பட்ட பெண்ணின் நிலைமை காகிதத்தில் இராது, ஊருக்கே தெரியும். விசாரணைக்கு வருவோரிடம் அவ்வுண்மையை எடுத்துரைப்பது ஊராரின் கடமை.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. உதவித்தொகை மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கு முடங்கியிருந்தாலோ ஆதார் இணைக்கப்படாதிருந்தாலோ தொகை வந்து சேராது.

மூன்றாவது, தரகர். “இடம் வாங்கித் தருகிறேன்” என்பவரை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் முதற் பட்டதாரிச் சலுகை கிட்டாது. கலந்தாய்வில் இலகுவாகக் கிடைத்திருக்கக் கூடிய இடத்திற்கு நிலத்தை அடகு வைக்கும் நிலை வரும்.

நான்காவது, காலம். சேர்க்கைச் செலவு முதல் நாளிலேயே வரும். உதவித்தொகையோ பின்னரே வரும். இடைப்பட்ட சில ஆயிரங்களுக்காகக் கந்துவட்டிக்குப் போகும் குடும்பங்கள் உண்டு.

இந்நான்கையும் நீக்கப் பெரும் நிதி வேண்டுவதில்லை. மே முதல் நாளில் கிராமசபை கூடுகிறது. தேர்வு முடிவுகளும் அம்மாதத்தையொட்டியே வருகின்றன. ஆகவே அச்சபையிலேயே, அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் பெற்று வைத்துக்கொள்வோம். தனித்த தாய் உள்ள வீடுகளை முதலில் குறிப்போம். அந்த வீட்டின் துயரைச் சபையில் படிக்க வேண்டா. தன்மானம் குன்றாமல் உதவுவதே உதவி. வீட்டுக்கு ஒரு படித்த இளைஞரைப் பொறுப்பாக்கி, சான்றிதழும் வங்கிக் கணக்கும் முன்னதாகவே ஆயத்தமாகுமாறு பார்த்துக்கொள்வோம். சேர்க்கைச் செலவுக்கு மகளிர் சுய உதவிக் குழு தன் சேமிப்பிலிருந்து சிறு கடன் அளிக்கலாம். முன்னாள் மாணவர்கள் ஒரு சுழல் நிதி திரட்டலாம். திருவிழாவுக்கு வரி வசூலிக்கத் தெரிந்த ஊருக்கு இது அரிய செயலன்று.

பிள்ளையைப் போலவே தாயும் படிக்கலாம் என்பதை மறவாதிருப்போம். இளவயதில் மணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் நம் ஊர்களில் உள்ளனர். 2002-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலையை விடாமலே வீட்டிலிருந்து பட்டம் பயில இடமளிக்கிறது. அத்தகைய பெண் வகுப்புக்கும் தேர்வுக்கும் போகும் நாளில் அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் முன்வந்தால், அதுவும் கல்வித் தொண்டே.

ஒரு வீட்டில் முதன்முதல் ஒருவர் பட்டம் பெற்றால், அடுத்த பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதித்தர ஆள் தேட வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்கும் அவரே எழுதித் தருவார். ஆகவே வரும் மே முதல் நாளன்று நம் ஊர்க் கிராமசபையின் பொருள் நிரலில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலும் ஒரு பொருளாக இடம் பெறட்டும். கல்லூரிகள் திறந்தபின், அப்பட்டியலில் எத்தனை பேர் சேர்ந்தனர், எவர் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்பதை ஆகஸ்டு 15-ஆம் நாள் சபையில் எண்ணிக்கையாகவும், எஞ்சியோர் வீட்டில் நேரிலும் கேட்டறிவோம் என உறுதி கொள்வோமாக.