நாணத்தால் மறையும் நோய்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மங்கல நாளில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். துணிந்தமைக்குக் காரணம் உண்டு. நம் இல்லத்துப் பெண்மணிகள் இந்நோயை மருத்துவரிடம் காட்டவே நாணுகின்றனர்.

தோற்புற்று வெயில் படும் முகத்திலும் கழுத்திலும் தோன்றும் என்பதே மேனாட்டு நூல்கள் முதலிற் கற்பிக்கும் பாடம். நம் நாட்டிலோ அஃது எதிர்பாராத இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. காசுமீரத்தைப் பாருங்கள். பனிக்காலத்தில் அங்குள்ளோர் கூடை பின்னிய மண்சட்டியில் தணலிட்டு, நீண்ட அங்கிக்குள் வைத்துக் குளிர் காய்வர். காங்கிரி என்பது அதன் பெயர். அமர்ந்திருக்கையில் அது வயிற்றையும் தொடையையும் ஒட்டி நிற்கும். நாளடைவில் வலைப்பின்னல் போன்ற கருமை அங்கே படரும், தோல் தடிக்கும், பல்லாண்டு கழித்துச் சிலருக்கு அவ்விடத்தே புற்று எழும். 1866ஆம் ஆண்டிலேயே எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் இதனை எழுதி வைத்தார்.

தணற்சட்டி நமக்கில்லையே என்பீர்கள். பாவாடை நாடா இருக்கிறதே! வேட்டியை இறுகக் கட்டும் இடுப்பில் தோன்றும் புற்றைப் பம்பாயில் கானோல்கர் 1945இல் எடுத்துரைத்தார். பின்னர்ச் சேலை உடுக்கும் மகளிரிடமும் அது காணப்பட்டது. நாள்தோறும் ஒரே வரையில் நாடா உராய்கிறது, வியர்வை ஊறுகிறது, தோல் கறுத்துச் செதிலாகிறது. பெரும்பாலோர்க்கு அவ்வளவே. மிகச் சிலர்க்கே ஆறாத புண்ணாகிறது. அரிதாகையினாலன்றோ நாங்களும் ஏமாறுகிறோம்!

ஓர் அம்மையாரின் இடுப்புப் புண்ணைப் படர்தாமரையென்றே கருதி நானும் களிம்பு எழுதிக் கொடுத்தேன். ஆறாதது கண்டும் களிம்பைத்தான் மாற்றினேன். மூன்றாம் முறை வந்தபோதே புண்ணின் விளிம்பு தடித்து உயர்ந்திருந்தது என் கண்ணிற் பட்டது. விளிம்பிலிருந்து சிறு துணுக்கெடுத்து நுண்பெருக்காடியில் ஆராயச் செய்தோம், ஐயம் தீர்ந்தது. அறுவையினால் பிழைத்தார். "முன்பே காட்ட வெட்கமாயிருந்தது, டாக்டர்" என்றார். எனக்கிருந்த வெட்கத்தை நான் சொல்லவில்லை.

இன்னுமொன்று. மெலனோமா என்னும் கொடிய புற்று, கருநிறத்தார்க்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதுண்டு. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரலில் 1977இல் அது கண்டறியப்பட்டது. பந்தாட்டக் காயமென்றே முதலில் எண்ணியிருந்தனர். 1981இல், 36ஆம் வயதில், அவர் மறைந்தார்.

நகத்தடியில் அடிபட்டு உறைந்த குருதியாயின் நகம் வளர வளர முன்னே நகர்ந்துபோகும். நகராமல் நின்று அகலும் கருங்கோடு, அடித்தோலிலும் பரவும் கருமை, காலாணியென்று செதுக்கியும் ஆறாத உள்ளங்காற் புண் ஆகியவற்றுக்குத் துணுக்குச் சோதனையே வழி. நகத்துச் சாயத்தையும் மருதாணியையும் நீக்கிவிட்டு வாருங்கள். அவை இருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பரிசளிப்புக்குக் குழந்தைகள் காத்திருக்கின்றனர்.