தந்தியில் எழும் ஓர்கன் நாதம்

ஓர்கனின் விசையை அழுத்தியிருக்குமட்டும் ஓசை குன்றாது. தந்தியோ மீட்டிய கணத்தில் உரத்தொலித்து, உடனே தேயத் தொடங்கும். கிடையாக வைத்து, உருக்குத் துண்டொன்றைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிற்றாரை ஓர்கன்போல் ஒலிக்கச் செய்ய விரும்புவோர் முதலில் மறைக்கவேண்டியது அந்த மீட்டலின் கூர்மையையே.

அதற்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதி ஒன்றே போதும். மிதியை மூடிவைத்துத் தந்தியை மீட்டி, பின்னர் மெல்லத் திறந்தால், தொடக்கம் தெரியாமல் நாதம் எழும். அது தேயத் தேய மிதியை மேலும் அழுத்தவேண்டும். கைக்கும் காலுக்கும் இவ்விணக்கம் வாய்ப்பது எளிதன்று. மாதக்கணக்கான பயிற்சி வேண்டும். அடுத்தது சுழற்சி. ஹமண்ட் ஓர்கனுக்கென டொனால்ட் லெஸ்லி அமைத்த ஒலிபெருக்கிப் பெட்டியில் கூம்பு சுழல்வதால், சுருதி நுண்ணிதாக ஏறி இறங்கி அலையும். அவ்வலைவை இன்று சிறு மின்மிதிகளே தந்துவிடுகின்றன. 2014இல் வெளிவந்த 'பி9' என்னும் மிதியோ மீட்டியதையே ஓர்கன் ஒலியாக மாற்றுகிறது.

எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. அமெரிக்காவின் 'ஹவுஸ் ஒவ் கோட்' ஆலயங்களில், 1930களின் பிற்பகுதியில் ட்ரோமன், வில்லி ஈசன் சகோதரர் புகுத்திய ஸ்டீல் கிற்றார், ஓர்கனுக்குரிய இடத்தையே பெற்றது. ஓர்கனாக நடித்து அதனைப் பெறவில்லை. பாடுவோர் குரலைப் பின்தொடர்ந்து வழுக்கி, விம்மிப் பெற்றது. ஓர்கனின் விசைகளுக்கிடையே அந்த வழுக்கலுக்கு இடமில்லை.