உங்கள் பெயரில் இருக்கும் தேவனுடைய சொத்து

பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

நம் கடலூரில் பதினெட்டு ஆண்டுகள் ஊழியம் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். சுவீடன் நாட்டவரான ஜோஹான் சகரியா கீர்னாண்டர் 1740-இல் இங்கே வந்து, தமிழர் நடுவே பள்ளியும் சபையும் நடத்தினார். 1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை இங்குள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்தது. கீர்னாண்டர் இருந்ததை இழந்து கல்கத்தாவுக்குப் போனார். போன வருடமே அங்கும் ஒரு பள்ளியைத் திறந்துவிட்டார். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வேலையைத் தொடங்கிவிடும் திறமை தேவன் அவருக்குக் கொடுத்த ஈவு.

பிறகு செல்வம் வந்தது. வசதியான ஒரு விதவையை மணந்தார். வந்த பணத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. பெரும்பாலும் தம் கைப்பணத்திலேயே ஓர் ஆலயம் கட்டி 1770-இல் திறந்தார். கல்கத்தாவில் அது இன்றும் இருக்கிறது. அவருடைய மனைவியும் இறக்கும்போது தம் நகைகளைப் பள்ளிக்கென்று எழுதி வைத்தார்.

கடைசியில் என்ன ஆயிற்று? மகனுடைய கடனுக்குத் தகப்பன் பிணைக் கையெழுத்துப் போட்டார். கடன் மூழ்கியது. 1787-இல் அந்த ஆலயமே சீல் வைக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார். கண்பார்வை மங்கிய கீர்னாண்டர் சின்சுராவுக்குப் போய்விட்டார். 1799-இல் காலமானார்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கும் கை அவருக்கு இருந்தது. மகன் மேல் பாசம் வைப்பதும் பாவமில்லை. ஆனால் ஆண்டவருக்கென்று கட்டியது அவருடைய சொத்தோடு சொத்தாகவே இருந்தது. அதனால்தான் கடன்காரர்களின் கை ஆலயம் வரைக்கும் நீண்டது. கிராண்ட் அதை மீட்டபின் ஒருவர் சொத்தாக வைக்காமல் மூன்று பேர் பொறுப்பில் ஒப்படைத்தார். பிணைப்படுவதைப் பற்றி நீதிமொழிகள் எத்தனை முறை எச்சரிக்கிறது என்று அந்த ஊழியருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இன்று நீங்கள் வாங்கும் சான்றிதழில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கிறது. அது நியாயம்தான். ஆனாலும் தாலந்துகளின் உவமையில் வரும் ஊழியர்கள் கையில் இருந்தது எஜமானுடைய பணம். அந்தப் பணத்தைப் புதைத்து வைத்தவனைக் கண்டித்துப் பிரசங்கம் செய்கிறோம். நல்ல மனதோடு பொறுப்பில்லாமல் இழப்பதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக் கணக்கை மூடிவிடுகிறோம். அதை விசுவாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெற்ற வரத்தோடு பொறுப்பாக உழைப்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களுக்குச் சைவ அடியார் அப்பரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாடும் வரம் பெற்றவர் கையில் உழவாரமும் இருந்தது. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதைத் தம் பாட்டுக்குக் குறைவான வேலையாக அவர் எண்ணவில்லை. அவருடைய சமயம் வேறாக இருந்தாலும் இந்த ஒழுங்கை நாம் கற்றுக்கொள்ளலாம்.

வணிகவியல் படித்தவர்களே, உங்கள் சபையின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்த முன்வாருங்கள். கணக்கு எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும். கணிதமும் ஆங்கிலமும் கைவந்தவர்களே, வாரத்தில் ஒரு மாலை சிங்காரத்தோப்புக்கோ சோனாங்குப்பத்துக்கோ போய் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். போவதாக வாக்குக் கொடுத்தால் மழை நாளிலும் போங்கள். பாடத் தெரிந்தவர்களே, பாடகர் குழுவின் பயிற்சிக்கு நேரத்துக்கு வாருங்கள். முதல் சம்பளம் வந்ததும் காணிக்கைக்கும் பெற்றோருக்கும் சேமிப்புக்கும் எவ்வளவு என்று உட்கார்ந்து எழுதுங்கள். எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் தாங்க முடியாத கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதில் ஏதாவது ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தொடங்கிவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.