ரைபிள் பயிற்சிக்குச் சிக்கனமான தோட்டா

குறி பார்த்துச் சுடப் பழகுவதற்குப் பெருஞ்செலவு வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் குறி தவறக் கண்ட பின்னரே, இங்கிலாந்தில் சிறு ரைபிள் சங்கங்கள் பெருகின. பட்டாளத்து .303 தோட்டாவின் ஏழாம் ரகக் குண்டு 174 கிரெயின் எடையுள்ளது, சங்கத்தார் கைக்கொண்ட.22 தோட்டாவிலோ 40 கிரெயின் ஈயமே. மருந்து சொற்பம்; உதைப்பு இல்லையென்றே சொல்லலாம்; 25 கஜ தூரம் போதும். மூச்சை அடக்குதலும் விசையை மெல்ல அழுத்துதலும் இரண்டிற்கும் ஒன்றே. இந்தியாவில் 1948-இல் ஏற்பட்ட தேசீய மாணவர் படையிலும் .22 ரைபிள் பயிற்சிக்கு வழங்கிற்று.

ஆயினும் விலையொன்றையே பார்த்து வாங்கலாகாது. ஒரு குழலுக்கு ஒத்த தோட்டா மற்றொன்றிற்கு ஒவ்வாது. இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் சார்த்தி, வகைக்குப் பத்தாகச் சுட்டுப் பார்க்கவேண்டும். துளைகள் நெருங்கி விழும் வகையே, விலை சற்றுக் கூடினும், சிக்கனமானது. சிதறும் தோட்டாவில் பழகுகிறவன் தன் பிழை எது, தோட்டாவின் பிழை எது என்று அறியான். தேர்ந்தபின் ஒரே தொகுதி எண்ணுள்ள பெட்டிகளையே சேர்த்து வாங்குக. அதிவேகத் தோட்டா காகிதக் குறிக்கு வீண்.

சிறிதென்று அலட்சியம் செய்வோர் உளர். இக்குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லும், ஆளையும் கொல்லும். குறிக்குப் பின்னே உயர்ந்த மண்மேடு இல்லாவிடத்துச் சுடலாகாது. மலிவுத் தோட்டா சிலவேளை வெடியாதிருக்கும். அப்போது குழல்முனையைக் குறிப்பக்கமே வைத்து அரை நிமிஷம் பொறுத்த பின்னரே பூட்டைத் திறக்கவேண்டும்.